எளிய ஹைட்ரோகார்பன்களுக்குப் பெயரிடுவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கரிம வேதியியலைப் படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சேர்மங்களான ஹைட்ரோகார்பன்களுக்குப் பெயரிடும் பாடத்தில் மட்டும் ஏறத்தாழ இரண்டு மாதங்களை நான் வீணாக்கினேன். விதிகள் அனைத்தும் மனப்பாடமாக இருந்தன. ஆயினும் ஒரு கட்டமைப்பைக் கொடுத்துப் பெயரெழுதச் சொன்னால், மூன்றில் ஒன்று தவறாகவே வந்தது. திருத்தப்பட்ட பயிற்சித் தாள்களை ஒருநாள் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தபோதுதான், என் தவறுகள் விதி தெரியாமையால் வந்தவை அல்ல, எந்த விதியை எப்போது கையிலெடுப்பது என்ற வரிசை தெரியாமையால் வந்தவை என்பது புரிந்தது. முதலில் முதன்மைச் சங்கிலியை, அதாவது பெயருக்கு அடிப்படையாகும் கார்பன் தொடரை, தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து எண்ணிட வேண்டும். அதற்குப் பிறகே அதிலிருந்து பிரியும் கிளைகளுக்குப் பெயர் சொல்லி, வரிசைப்படுத்தி, எழுத வேண்டும். இவற்றுள் ஒன்றை முந்திக்கொண்டு செய்தால் மற்றவை அனைத்தும் சரிந்துவிடும். நீங்கள் அந்த இரண்டு மாதங்களை இழக்காமலிருக்க, நான் இப்போது பின்பற்றும் வரிசையை அப்படியே தருகிறேன். கையில் பென்சிலை வைத்துக்கொண்டு, நான் சொல்லும் கட்டமைப்புகளை வரைந்தபடியே படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் ஏறும்.

தொடங்குவதற்கு முன்: கையில் இருக்க வேண்டியவையும் ஆகும் காலமும்

கோடிடாத தாள், பென்சில், அழிப்பான், வேறு நிறத்தில் ஒரு பேனா ஆகியவை போதும். அந்த இரண்டாம் நிறம் அலங்காரத்துக்கன்று. முதன்மைச் சங்கிலியை மேலே வரைந்து காட்டுவதற்கு அது கட்டாயம் தேவைப்படும். பணச்செலவு ஏதுமில்லை. காலச்செலவு, நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் வீதம் இரண்டு வாரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் இரண்டு நாள்களை மூலச்சொற்களுக்கும், அடுத்த ஐந்து நாள்களைக் கிளையுள்ள ஆல்கேன்களுக்கும் (ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே உள்ளவை) ஒதுக்குங்கள். ஆல்கேன் சரியாக வராமல், இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீனுக்குத் தாவுவது, எனக்கு நேர்ந்ததைப் போல, இரண்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பெயரிடும் முறையை வகுப்பது பன்னாட்டுத் தூய மற்றும் பயன்பாட்டு வேதியியல் ஒன்றியம், பாடநூல்களில் ஐ.யு.பி.ஏ.சி. என்று குறிப்பிடப்படுவது இதுதான். அதன் பரிந்துரைகள் 1979, 1993, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தபோது சில விதிகள் மாறியுள்ளன. உங்கள் பாடநூல் எந்த ஆண்டின் மரபைப் பின்பற்றுகிறது என்பதை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒரே சேர்மத்துக்கு இரு நூல்களில் இரு பெயர்களைக் கண்டு, எது தவறு என்று தேடி இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவன் நான். இரண்டும் அவ்வவற்றின் காலத்து விதிப்படி சரியாகவே இருந்தன.

1. பத்து மூலச்சொற்களையும் மூன்று பின்னொட்டுகளையும் பிழையின்றி எழுதப் பழகுங்கள்

ஒன்று முதல் பத்து வரையிலான கார்பன்களுக்கு மெத், எத், புரப், பியூட், பென்ட், ஹெக்ஸ், ஹெப்ட், ஆக்ட், நோன், டெக் என்பன மூலச்சொற்கள். இவற்றுடன், கார்பன்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே இருந்தால் ‘ஏன்’, இரட்டைப் பிணைப்பு இருந்தால் ‘ஈன்’, முப்பிணைப்பு இருந்தால் ‘ஐன்’ என்ற பின்னொட்டு சேரும். முதல் நான்கு மூலச்சொற்களைத் தவிர மற்றவை எண்ணுப்பெயர்களிலிருந்து வந்தவை என்பதால் எளிதில் நினைவில் நிற்கும். முதல் நான்கையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழில் எழுதுவோர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் இது. பியூட்டேன், பியூட்டீன், பியூட்டைன் ஆகிய மூன்று சொற்களையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். ஓர் உயிர்க்குறிதான் மாறுகிறது. ஆனால் அந்த ஒரு குறி மாறும்போது இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் குறைந்து வேறொரு சேர்மம் வந்துவிடுகிறது. நான்கு கார்பன்கள் கொண்ட ஆல்கேனில் ஹைட்ரஜன்கள் 10, ஒரே இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீனில் 8, ஒரே முப்பிணைப்புள்ள ஆல்கைனில் 6. வேகமாக எழுதும்போது இரட்டைக் கொம்புக்கும் ஐகாரக் குறிக்கும் வேறுபாடு தெரியாத கையெழுத்து உங்களுடையது என்றால், அதை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். திருத்துபவர் உங்கள் மனத்தைப் படிக்க மாட்டார்.

2. படத்தைச் சரியாகப் படியுங்கள்

கட்டமைப்புகள் மூன்று விதமாகத் தரப்படும். எல்லா அணுக்களையும் பிணைப்புகளையும் காட்டும் விரிந்த வடிவம், ஒவ்வொரு கார்பனையும் அதன் ஹைட்ரஜன்களோடு சேர்த்து எழுதும் சுருங்கிய வடிவம், வளைந்து வளைந்து செல்லும் வெறும் கோடுகளாலான கோட்டு வடிவம் என்பன அவை. முதல் இரண்டில் இடறுவதற்கு அதிகமில்லை. கோட்டு வடிவத்தில் ஒவ்வொரு முனையும் ஒரு கார்பன், ஒவ்வொரு மூலையும் ஒரு கார்பன். அவற்றின் மேல் எந்த எழுத்தும் இருக்காது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் மூலைகளை எண்ணிவிட்டு முனைகளை விட்டுவிடுவார்கள். அப்போது பென்டேன் புரப்பேனாகிவிடும். கோட்டு வடிவம் தரப்பட்டால், பெயரிடத் தொடங்குமுன் ஒவ்வொரு கார்பனின் மேலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து மொத்தத்தை எண்ணி, தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். அந்த எண் 11-ஆம் படியில் மீண்டும் தேவைப்படும்.

3. நீண்ட சங்கிலியைத் தேடுங்கள், நேர்கோட்டை நம்பாதீர்கள்

என் தவறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு படியிலேயே நிகழ்ந்தது. நான்கு கார்பன்களைக் கிடைமட்டமாக நேர்கோட்டில் வரையுங்கள். இடமிருந்து இரண்டாவது கார்பனிலிருந்து கீழ்நோக்கி இரண்டு கார்பன்களைத் தொங்கவிடுங்கள். இதைப் பார்த்தவுடன் கை தானாகவே ‘2-எத்தில்பியூட்டேன்’ என்று எழுதப் போகும் (எத்தில் என்பது இரண்டு கார்பன் கிளை, மெத்தில் ஒரு கார்பன் கிளை; முன்னாலுள்ள எண், கிளை இணைந்திருக்கும் கார்பனின் இட எண்). இப்போது கீழே தொங்கும் கடைசிக் கார்பனில் இரண்டாம் நிறப் பேனாவை வைத்து, மேலேறி, வலப்பக்க முனைவரை கோடிழுங்கள். ஐந்து கார்பன்கள் வருகின்றன. கிளை என்று நாம் நினைத்தது சங்கிலியின் பகுதி. சங்கிலியின் தொடக்கம் என்று நாம் நினைத்த இடப்பக்கத்து முதல் கார்பன்தான் உண்மையான கிளை. ஆகவே இது 3-மெத்தில்பென்டேன்.

தாளில் கட்டமைப்பு எந்தத் திசையில் வரையப்பட்டிருக்கிறது என்பது மூலக்கூறுக்குத் தெரியாது. ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி அணுக்கள் சுழலக்கூடியவை. நேராக வரைவதும் மடக்கி வரைவதும் வரைபவரின் வசதி மட்டுமே. வினாத்தாள் தயாரிப்பவர்கள் இதை நன்கறிந்தே, நீண்ட சங்கிலியை வேண்டுமென்றே மடக்கி வைப்பார்கள். எனவே, ஒவ்வொரு முனையிலிருந்தும் மற்ற எல்லா முனைகளுக்கும் செல்லும் பாதைகளை எண்ணிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மூன்று முனைகள் இருந்தால் மூன்று பாதைகள், நான்கு முனைகள் இருந்தால் ஆறு பாதைகள்; அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.

ஒரே நீளத்தில் இரண்டு சங்கிலிகள் கிடைத்தால், அதிகக் கிளைகள் உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்து கார்பன் சங்கிலியின் நடுக்கார்பனில் ஐசோபுரப்பைல் தொகுதி (தன் நடுக்கார்பன் வழியாக இணையும் மூன்று கார்பன் கிளை) இணைந்திருப்பதாக வரைந்துகொள்ளுங்கள். நேரே பார்த்தால் ஒரே கிளையுடைய 3-ஐசோபுரப்பைல்பென்டேன். ஐசோபுரப்பைலின் ஒரு கை வழியாகச் சங்கிலியை எடுத்தாலும் ஐந்து கார்பன்களே வரும். ஆனால் இப்போது ஒரு மெத்தில், ஓர் எத்தில் என இரண்டு கிளைகள் கிடைக்கின்றன. சரியான பெயர் 3-எத்தில்-2-மெத்தில்பென்டேன். இந்த விதியின் பலன், கிளைகள் எளியவையாக இருக்கும் என்பதே. உங்கள் விடையில் சிக்கலான கிளை ஒன்று வந்துவிட்டால், வேறு சங்கிலி இருக்கிறதா என்று ஒருமுறை சந்தேகப்படுங்கள்.

4. எந்த முனையிலிருந்து எண்ணிடுவது?

கிளை ஒன்றே ஒன்றுதான் என்றால், அது அருகிலிருக்கும் முனையிலிருந்து எண்ணிட வேண்டும், அதில் சிக்கலில்லை. பல கிளைகள் இருக்கும்போது, ‘இட எண்களின் கூட்டுத்தொகை குறைவாக வரும் பக்கமே சரி’ என்ற தவறான குறுக்குவழி மாணவர்களிடையே வழங்கி வருகிறது. நானும் அதை நம்பியிருந்தேன். பெரும்பாலான கணக்குகளில் அது சரியான விடையைத் தருவதால்தான் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

பதினொரு கார்பன்கள் கொண்ட சங்கிலியை, அதாவது அன்டெக்கேனை, வரைந்து, இடமிருந்து 2, 8, 9 ஆகிய இடங்களில் மெத்தில் தொகுதிகளை வையுங்கள். வலமிருந்து எண்ணினால் அவை 3, 4, 10 ஆகும். முதல் தொகுப்பின் கூட்டுத்தொகை 19, இரண்டாவதன் கூட்டுத்தொகை 17. குறுக்குவழி இரண்டாவதைச் சொல்லும். உண்மையான விதியோ, இரண்டு தொகுப்புகளையும் ஏறுவரிசையில் எழுதி, முதன்முதலில் வேறுபடும் இடத்தில் எது சிறியதோ அதை எடுக்கச் சொல்கிறது. முதல் எண்ணிலேயே 2, 3 என்று வேறுபடுகின்றன; 2 சிறியது. பெயர் 2,8,9-ட்ரைமெத்தில்அன்டெக்கேன். கூட்டிப் பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இருபுறமும் ஒரே எண்கள் வந்தால் மட்டும், ஆங்கில அகரவரிசையில் முதலில் வரும் கிளைக்குச் சிறிய எண்ணைத் தர வேண்டும். ஹெப்டேனின் 3-ஆம் கார்பனில் எத்திலும் 5-ஆம் கார்பனில் மெத்திலும் இருந்தால், மறுபக்கமிருந்தும் 3, 5 என்றே வரும். எத்தில் முந்துவதால் 3-எத்தில்-5-மெத்தில்ஹெப்டேன் என்பதே விடை. அகரவரிசை இங்கே கடைசி நடுவர் மட்டுமே. அதை முதலிலேயே கூப்பிட்டால் தவறான பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிடுவீர்கள்.

5. கிளைகளுக்குப் பெயர் சொல்லுங்கள்

ஆல்கேனின் ஒரு முனையிலிருந்து ஒரு ஹைட்ரஜனை நீக்கினால் கிடைப்பது ஆல்கைல் தொகுதி. மீத்தேனிலிருந்து மெத்தில், ஈத்தேனிலிருந்து எத்தில், புரப்பேனிலிருந்து புரப்பைல், பியூட்டேனிலிருந்து பியூட்டைல். புரப்பேனின் நடுக்கார்பனிலிருந்து நீக்கினால் ஐசோபுரப்பைல். இதையே முறைப்படி புரப்பேன்-2-ஐல் என்பார்கள். ஒரே கிளை இருமுறை வந்தால் டை, மும்முறை வந்தால் ட்ரை, நான்குமுறை வந்தால் டெட்ரா என்ற முன்னொட்டு சேரும்.

ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி இட எண் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒரே கார்பனில் இரண்டு மெத்தில்கள் இருந்தால் 2,2-டைமெத்தில் என்றுதான் எழுத வேண்டும். ‘2-டைமெத்தில்’ என்பது முற்றுப்பெறாத பெயர். டை என்றால் இரண்டு எண்கள், ட்ரை என்றால் மூன்று எண்கள் முன்னால் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தாலே இந்தப் பிழை அகன்றுவிடும்.

6. அகரவரிசை என்றால் ஆங்கில அகரவரிசை

தமிழில் படித்தவர்களுக்கென்றே காத்திருக்கும் பொறி இது. எந்த நூலும் இதை எனக்கு எச்சரிக்கவில்லை. கிளைகளை அகரவரிசையில் எழுத வேண்டும் என்ற விதியைப் படித்தவுடன், தமிழ் எழுத்துகளைக் கண்முன் வைத்துக்கொண்டு நான் வரிசைப்படுத்திவிட்டேன். தமிழ் அகராதி வரிசைப்படி எத்தில், ஐசோபுரப்பைல், பியூட்டைல், புரப்பைல், மெத்தில் என்று வரும். ஆங்கிலத்திலோ பியூட்டைல் இரண்டாம் எழுத்திலும், எத்தில் ஐந்தாம் எழுத்திலும், ஐசோபுரப்பைல் ஒன்பதாம் எழுத்திலும், மெத்தில் பதின்மூன்றாம் எழுத்திலும், புரப்பைல் பதினாறாம் எழுத்திலும் தொடங்குகின்றன. இந்த ஐந்தையும் 2, 5, 9, 13, 16 என்ற எண்களோடு ஒரு சிறு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். ஒரு வாரத்தில் அட்டை தேவைப்படாது.

எத்திலும் மெத்திலும் மட்டும் வரும் கணக்குகளில் இரு மொழி வரிசைகளும் ஒன்றாகவே இருப்பதால் பிழை வெளியே தெரியாது. மெத்திலும் புரப்பைலும் சேர்ந்து வரும்போது அது பிடிபடும். ஹெப்டேனின் 3-ஆம் கார்பனில் மெத்திலும் 4-ஆம் கார்பனில் புரப்பைலும் இருந்தால் 3-மெத்தில்-4-புரப்பைல்ஹெப்டேன் என்பதே சரி. தமிழ் வரிசைப்படி புரப்பைலை முன்னால் எழுதினால் தவறு. அதேபோல் 5-பியூட்டைல்-4-எத்தில்நோனேன் என்பதில் பியூட்டைல்தான் முந்தும். இட எண்ணில் சிறியது முதலில் வர வேண்டும் என்று சிலர் நினைத்து 4-ஐ முன்னால் எழுதுகிறார்கள். எழுதும் வரிசையைத் தீர்மானிப்பது எண் அன்று, எழுத்து.

டை, ட்ரை, டெட்ரா ஆகியவற்றை அகரவரிசையில் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆகவே டைமெத்தில் என்பது மெத்திலாகவே கருதப்பட்டு எத்திலுக்குப் பின்னால் செல்லும். செகண்டரி-பியூட்டைல், டெர்ஷியரி-பியூட்டைல் போன்ற கிளைப்பெயர்களின் முன்னால் வரும் செகண்டரி, டெர்ஷியரி என்ற அடைகளையும் விட்டுவிட வேண்டும். ஆனால் ‘ஐசோ’வும் ‘சைக்ளோ’வும் பெயரின் பகுதியாகவே எண்ணப்படும். இந்த முரண்பாட்டுக்குக் காரணம் தேடுவதை விட, புரப்பேன்-2-ஐல் என்ற முறைப்பெயரைப் பயன்படுத்துவது எளிது என்பது என் கருத்து. அப்போது அது பதினாறாம் எழுத்துக்குப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே தொகுதிக்கு எந்தப் பெயரைத் தேர்கிறீர்களோ அந்தப் பெயரின் முதலெழுத்தே வரிசையைத் தீர்மானிக்கும்.

7. ஒட்டி எழுதுங்கள்

எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையே காற்புள்ளி. எண்ணுக்கும் சொல்லுக்கும் இடையே சிறு கோடு. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே எதுவுமில்லை. 2,3-டைமெத்தில்பியூட்டேன் என்பது ஒரே சொல். தமிழில் தட்டச்சு செய்யும்போது, கண்ணுக்கு நீளமாகத் தெரிவதால் ‘டைமெத்தில் பியூட்டேன்’ என்று இடைவெளி விடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. பல அச்சு நூல்களிலும் அதைக் காணலாம். பெயர் ஒன்று என்றால் சொல்லும் ஒன்றாகவே இருக்கட்டும்.

8. இரட்டைப் பிணைப்பு அல்லது முப்பிணைப்பு இருந்தால் அதற்கே முதலிடம்

இங்கே எண்ணிடும் உரிமை கிளைகளிடமிருந்து பிணைப்புக்கு மாறுகிறது. ஐந்து கார்பன்களில் ஒரு முனையிலிருந்து இரண்டாம் கார்பனில் மெத்திலும், மூன்றாம் நான்காம் கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பும் இருந்தால், கிளைக்காக அந்த முனையிலிருந்து எண்ணக் கூடாது. மறுமுனையிலிருந்து எண்ணினால் இரட்டைப் பிணைப்பு 2-இல் தொடங்கும். எனவே பெயர் 4-மெத்தில்பென்ட்-2-ஈன். பிணைப்பு இரண்டு கார்பன்களுக்கிடையே இருந்தாலும், அவற்றுள் சிறிய எண் மட்டுமே எழுதப்படும். பழைய நூல்களில் இந்த எண் முன்னால் வந்து 4-மெத்தில்-2-பென்டீன் என்றிருக்கும்; 1993-ஆம் ஆண்டுப் பரிந்துரைக்குப் பிறகு அது பின்னொட்டை ஒட்டி இடம்பெறுகிறது. இரண்டும் ஒரே சேர்மத்தையே குறிக்கும். விடைத்தாளில் ஏதேனும் ஒரு முறையை மட்டும் தொடர்ந்து கையாளுங்கள்.

இரண்டு இரட்டைப் பிணைப்புகள் இருந்தால் மூலச்சொல்லோடு ஓர் ஆகாரம் சேர்ந்து பியூட்டா-1,3-டையீன் என்றாகும். இரட்டைப் பிணைப்பும் முப்பிணைப்பும் சேர்ந்து வந்தால், இரண்டையும் ஒன்றாகப் பார்த்து மிகச் சிறிய எண் தொகுப்பைத் தர வேண்டும்; ஆகவே பென்ட்-3-ஈன்-1-ஐன் என்பது சரியான பெயரே. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஒன்றாகவே வந்தால் மட்டும், பென்ட்-1-ஈன்-4-ஐன் என்பதைப் போல, இரட்டைப் பிணைப்புக்குச் சிறிய எண்.

ஆசிரியரிடம் கேட்டுவையுங்கள் என்று தொடக்கத்தில் சொன்ன இடம் இதுதான். ஆறு கார்பன்களை நேராக வரைந்து, மூன்றாம் கார்பனில் ஒரேயொரு கார்பனை இரட்டைப் பிணைப்பால் இணையுங்கள். இரட்டைப் பிணைப்பை உள்ளடக்கிய சங்கிலியையே எடுக்க வேண்டும் என்ற பழைய விதிப்படி, நீளம் ஐந்தாகக் குறைந்து, 2-எத்தில்பென்ட்-1-ஈன் என்ற பெயர் வரும். 2013-ஆம் ஆண்டுப் பரிந்துரையோ நீளத்துக்கே முதலிடம் தருவதால் 3-மெத்திலிடீன்ஹெக்சேன் என்கிறது (மெத்திலிடீன் என்பது இரட்டைப் பிணைப்பால் இணைந்த ஒரு கார்பன் கிளை). தொடக்கநிலைப் பாடங்களில் பெரும்பாலும் பழைய விதியே கற்பிக்கப்படுகிறது. நீங்கள் எழுதப்போகும் தேர்வு எதை ஏற்கிறதோ அதையே எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

பியூட்-2-ஈன் போன்றவற்றில், இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களிலும் மெத்தில்கள் ஒரே பக்கம் இருந்தால் சிஸ், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் ட்ரான்ஸ் என்று முன்னால் சேர்க்க வேண்டும். பியூட்-1-ஈனுக்கு இது பொருந்தாது. அதன் முனைக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்கள் இருப்பதால் பக்கம் மாற்றினாலும் வேறுபாடு இல்லை.

9. வளையங்கள்

வளையமாக மூடிய சங்கிலிக்கு முன்னால் ‘சைக்ளோ’ சேர்த்தால் போதும். ஒரே கிளை என்றால் எண் தேவையில்லை. மெத்தில்சைக்ளோஹெக்சேன் என்றாலே தெளிவு. இரண்டு கிளைகள் இருந்தால் ஒன்றுக்கு 1 தந்து, மற்றதற்குச் சிறிய எண் வரும் திசையில் சுற்ற வேண்டும்: 1-எத்தில்-3-மெத்தில்சைக்ளோஹெக்சேன். வளையத்தில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அதன் இரு கார்பன்களும் 1, 2 என்று அடுத்தடுத்து எண் பெற வேண்டும். இரட்டைப் பிணைப்பில் ஒரு முனைக்கு 1 தந்துவிட்டு, மற்ற முனையை விட்டு எதிர்த்திசையில் சுற்றி 6-இல் முடிப்பது வழக்கமான தவறு. அறுகோணத்தை வரைந்தவுடன் பென்சீன் என்று எழுதிவிடாதீர்கள். உள்ளே மூன்று இரட்டைப் பிணைப்புகளோ வட்டமோ இருந்தால்தான் அது பென்சீன், வெறும் அறுகோணம் சைக்ளோஹெக்சேன்.

10. பழைய பெயர்களை அடையாளம் காணும் அளவுக்குத் தெரிந்துவைத்திருங்கள்

எத்திலீன் என்றால் ஈத்தீன், அசிட்டிலீன் என்றால் ஈத்தைன், டொலுவீன் என்றால் மெத்தில்பென்சீன். ஐசோபியூட்டேன் 2-மெத்தில்புரப்பேன், நியோபென்டேன் 2,2-டைமெத்தில்புரப்பேன். ஐசோஆக்டேன் மட்டும் ஏமாற்றும். ‘ஐசோ’ என்ற அடையின் பொருள்படி அது 2-மெத்தில்ஹெப்டேனாக இருக்க வேண்டும். ஆனால் எரிபொருள் துறையில் அந்தப் பெயர் 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேனைக் குறிக்கிறது. பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை அளக்கும் அளவுகோலில் 100 என்று வைக்கப்பட்டிருப்பது இச்சேர்மமே. 0 என்பது ஹெப்டேன்.

11. எழுதிய பெயரைச் சோதியுங்கள்

ஒரு பெயருக்கு இரண்டு நிமிடங்கள் ஆகும் என்றால், அதில் அரை நிமிடத்தைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கார்பன் கணக்கு: 3-எத்தில்-2-மெத்தில்பென்டேனில் ஐந்தும் இரண்டும் ஒன்றுமாக எட்டு. தாளின் ஓரத்தில் எழுதிவைத்த மொத்தத்தோடு இது பொருந்த வேண்டும்.

அடுத்து, நடக்கவே முடியாத இடங்கள். வளையமில்லாத ஆல்கேனில் 1-ஆம் கார்பனில் மெத்தில் வராது; 2-ஆம் கார்பனில் எத்தில் வராது; 3-ஆம் கார்பனில் புரப்பைல் வராது. கடைசி முனையிலிருந்து எண்ணினாலும் இதே கதைதான். அப்படி வந்தால் அந்தக் கிளையே சங்கிலியை நீட்டிவிட்டது என்று பொருள்; 3-ஆம் படிக்குத் திரும்புங்கள். இந்த ஒரு சோதனை என் பழைய தவறுகளில் பாதியைப் பிடித்திருக்கும்.

பிறகு பிணைப்புக் கணக்கு: ஒரு கார்பனுக்கு நான்கு பிணைப்புகள்தான். ‘2,2-டைமெத்தில்பியூட்-2-ஈன்’ என்று எழுதினால் இரண்டாம் கார்பனுக்கு ஐந்து பிணைப்புகளாகிவிடும். முப்பிணைப்பில் உள்ள கார்பன் இன்னும் ஒரே ஒரு பிணைப்பைத்தான் ஏற்கும் என்பதால் ‘2-மெத்தில்பியூட்-1-ஐன்’ என்ற சேர்மமும் இருக்க முடியாது, 3-மெத்தில்பியூட்-1-ஐன் இருக்கலாம்.

கடைசியாக, கொடுக்கப்பட்ட படத்தைக் கையால் மறைத்துவிட்டு, நீங்கள் எழுதிய பெயரிலிருந்து கட்டமைப்பை வரையுங்கள். கையை எடுத்து ஒப்பிடுங்கள். திசை மாறியிருக்கலாம், எந்தக் கார்பனோடு எது இணைந்திருக்கிறது என்பது மாறக் கூடாது.

12. பயிற்சிக்கு எதை எடுப்பது?

விடையோடு கூடிய நூறு வினாக்களைத் தேடி அலைய வேண்டாம். ஆறு கார்பன்கள் கொண்ட ஆல்கேனின் மாற்றியங்கள் (அணு எண்ணிக்கை ஒன்றாகவும் இணைப்பு வேறாகவும் உள்ள சேர்மங்கள்) அனைத்தையும் வரைந்து பெயரிடுங்கள். அவை சரியாக ஐந்து. ஹெக்சேன், 2-மெத்தில்பென்டேன், 3-மெத்தில்பென்டேன், 2,2-டைமெத்தில்பியூட்டேன், 2,3-டைமெத்தில்பியூட்டேன். ஆறாவதாக ஒன்று கிடைத்தால், அதற்கு முறைப்படி பெயரிட்டுப் பாருங்கள். முந்தைய ஐந்தில் ஒன்றின் பெயரே மீண்டும் வரும். வேறு வேறாகத் தெரியும் இரண்டு படங்கள் ஒரே சேர்மம்தான் என்பதைக் கண்டுபிடிக்கப் பெயரே கருவியாகிவிடும் அந்த இடத்தில்தான், எனக்கு இந்தப் பாடத்தின் பயன் விளங்கியது.

அது கைவந்த பிறகு ஏழு கார்பன்களுக்குச் செல்லுங்கள். மாற்றியங்கள் ஒன்பது, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எட்டுக் கார்பன்களுக்குப் பதினெட்டு. அதை இரண்டு நாள்களாகப் பிரித்துச் செய்வது நல்லது. ஏழு கார்பன்களில் எட்டை எழுதிவிட்டு ஒன்பதாவது கிடைக்காமல் திணறினால், மெத்தில்களை மட்டுமே இடம் மாற்றிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நான் ஒவ்வொரு முறையும் தவறவிட்டது 3-எத்தில்பென்டேன்.